விடை பிழைத்தால் எங்கே தேடுவது? மாதிரி வெளியும் வட்டச் சமன்பாடும்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வீட்டு முன் அறையில் கணிதம் படிப்பிக்கிறேன். சாதாரண தர (ஓ.எல்.) பிள்ளைகள் ஒரு நாள், உயர்தர (ஏ.எல்.) இணைந்த கணிதம் இரண்டு நாள். ரயில் போகும்போது பேச்சை நிறுத்தியாக வேண்டும். அந்த அரை நிமிடத்தில்தான் கொப்பிகளை எட்டிப் பார்ப்பேன்.

அப்படிப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம் ஒன்று உண்டு. பிள்ளைகள் புதிதாகப் பிழை விடுவதே இல்லை. போன வருடம் அதே வாங்கில் இருந்தவர் விட்ட பிழையைத்தான் இந்த வருடம் இருப்பவரும் விடுகிறார். பிழையான விடையைப் பார்த்தாலே எந்த வரியில் வழுக்கியது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதனால் நிகழ்தகவு, வட்டம் என்ற இந்த இரண்டு பாடங்களையும் முதலிலிருந்து திருப்பிப் படிக்கச் சொல்லப்போவதில்லை. உங்கள் விடை எப்படிக் கோணலாக வந்திருக்கிறதோ, அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடத்தில் தீரும் காரணம் முதலில் இருக்கும்; நேரமோ காசோ பிடிக்கும் காரணம் கடைசியில்.

சமன்பாடுகளை வாயால் சொல்வதுபோலவே எக்ஸ், வை என்று எழுதியிருக்கிறேன். கையில் கடதாசி வைத்துக்கொண்டு வழக்கமான குறியீட்டில் மாற்றி எழுதியபடி வாசியுங்கள். சும்மா கண்ணால் மேய்ந்தால் ஒன்றும் ஒட்டாது.

அறிகுறி: நிகழ்தகவு 1ஐத் தாண்டிவிட்டது

இது வந்தால் சந்தோஷப்படுங்கள். தானே கத்திக் காட்டிக்கொடுக்கும் பிழை இது ஒன்றுதான்.

முதலில் பின்னக் கூட்டலைப் பாருங்கள். பகுதி எண்ணைப் பொதுவாக்காமல் கூட்டியிருப்பீர்கள், அல்லது மர வரிப்படத்தில் ஒரே கிளை வழியே போகும்போது பெருக்குவதற்குப் பதில் கூட்டியிருப்பீர்கள். கிளை வழியே பெருக்கல், கிளைக்குக் கிளை கூட்டல். அது சரியென்றால் அடுத்த சந்தேகம், இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் பொதுவான பேறுகளை (விளைவுகளை) இரண்டு தடவை எண்ணியது.

1 முதல் 10 வரை எழுதிய அட்டைகளில் ஒன்றை எழுமாறாக எடுக்கிறோம். இரட்டை எண்ணாக அல்லது 3இலும் பெரிதாக இருக்க நிகழ்தகவு என்ன? இரட்டை எண்கள் 5, மூன்றிலும் பெரியவை 7. கூட்டினால் 12/10. பத்து அட்டைக்குள் பன்னிரண்டு எப்படி வந்தது? 4, 6, 8, 10 ஆகிய நான்கும் இரண்டு பட்டியலிலும் இருக்கின்றன. அவற்றை ஒரு தடவை கழித்தால் 8/10.

ஆனால் இதே பிழை சத்தம் போடாமலும் வரும். 1 முதல் 12 வரையான அட்டைகளில் இரட்டை எண் அல்லது 3இன் மடங்கு என்றால் 6 சக (+) 4, ஆக 10/12 என்று எழுதிவிட்டுப் பிள்ளை அடுத்த கேள்விக்குப் போய்விடும். 1க்குள் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. 6உம் 12உம் பொது. சரியான விடை 8/12. ‘அல்லது’ என்ற சொல்லைக் கண்டால் இரண்டு பட்டியலையும் எழுதி, பொதுவானவற்றைச் சுற்றி வட்டம் போடுங்கள். சூத்திரம் மறந்தாலும் வட்டம் போட்டது கண்ணில் நிற்கும்.

அறிகுறி: இரண்டு தாயக்கட்டைக்கு 36 வராமல் 21 வருகிறது

நாணயமாக இருந்தால் 4க்குப் பதில் 3 வரும். நோய் ஒன்றுதான்: மாதிரி வெளியை, அதாவது வரக்கூடிய எல்லாப் பேறுகளின் பட்டியலை, எழுதும்போது (2, 5)ஐயும் (5, 2)ஐயும் ஒன்றாக நினைத்துவிட்டது.

மிக எளிய மருந்து இரண்டு நிறப் பேனை. முதலாவது கட்டையின் எண்ணை நீலத்தில், இரண்டாவதைச் சிவப்பில் எழுதுங்கள். அல்லது கட்டக் கொப்பியில் நெய்யரி (கட்டப் படம்) கீறி 36 புள்ளியையும் குறியுங்கள். கூட்டுத்தொகை 7 வரும் புள்ளிகள் ஒரு சாய்ந்த வரிசையில் ஆறு நிற்கும், விடை 6/36. இருபத்தொன்றை வைத்துச் செய்தவருக்கு 3/21, அதாவது 1/7 வந்திருக்கும். விடைத்தாளில் 1/7ஐக் கண்டவுடனேயே எனக்குக் கதை விளங்கிவிடும். 36இன் காரணிகளில் 7 கிடையாது. அந்த விடை வரவே வழியில்லை.

நெய்யரி கீறினாலும் ‘ஏன் இரண்டும் வேறு?’ என்று மனம் ஒப்பாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அது நியாயமான பிடிவாதம். ஒருத்தி அப்படித்தான் விடாப்பிடியாக நின்றாள். ஒரு 5 ரூபாய்க் குற்றியையும் ஒரு 10 ரூபாய்க் குற்றியையும் கையில் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சேர், இதில தலை எது?” என்றாள். கேள்வி சரிதான். நம் குற்றிகளில் தலையே இல்லை. ஒரு பக்கம் அரச இலச்சினை, மறுபக்கம் பெறுமதி. இலச்சினையைத் தலை, பெறுமதியைப் பூ என்று வைத்துக்கொண்டோம். நாற்பது தடவை சுண்டினாள், பக்கத்தில் இருந்தவன் கோடு போட்டான். இடையில் பத்து ரூபா அலுமாரிக்குக் கீழே உருண்டு, அடிமட்டத்தால் இழுத்தெடுத்தோம். முடிவில், கலந்து வந்தது இரண்டு தலை வந்ததைவிட ஏறக்குறைய இரட்டிப்பு. “ஐந்து தலை, பத்து பூ, பத்து தலை, ஐந்து பூ. ரெண்டு விதமா வருது” என்று அவளே சொன்னாள். ஒரே மாதிரி இரண்டு குற்றி கொடுத்திருந்தால் இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருப்பாள்.

வெட்கப்பட வேண்டியதில்லை. 1754இல் வெளியான பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத் தொகுதியில் டாலம்பேர் என்ற பெரிய கணிதவியலாளரே இப்படி வழுக்கியிருக்கிறார். ஒரு நாணயத்தை இரண்டு தடவை சுண்டினால் ஒரு தடவையாவது தலை விழ நிகழ்தகவு 2/3 என்றார். முதல் தடவையே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஆகவே தலை, பூவுக்குப் பின் தலை, பூவுக்குப் பின் பூ என மூன்று பேறுகள்தான் என்பது அவருடைய கணக்கு. மூன்றும் சம வாய்ப்புள்ளவை அல்ல என்பதை விட்டுவிட்டார். சரியான விடை 3/4.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 3 பெண் பிள்ளைகள், 2 ஆண் பிள்ளைகளிலிருந்து இருவரைத் தெரிகிறோம் என்றால் ஒழுங்கு பார்த்து எண்ணினால் 20, பார்க்காமல் எண்ணினால் 10. இருவரும் பெண்களாக இருக்க 6/20 அல்லது 3/10. இரண்டும் ஒன்றே, எந்த வழியில் போனாலும் சரி. மேலே ஒழுங்கு பார்க்காமல் 3, கீழே ஒழுங்கு பார்த்து 20 என்று கலந்தால்தான் 3/20 என்று பாதியாக வரும். விடை சரியாகப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ வந்திருந்தால் இந்தக் கலப்படத்தை முதலில் சந்தேகியுங்கள்.

அறிகுறி: மர வரிப்படம் ஒழுங்காக இருக்கிறது, விடை மட்டும் பொருந்தவில்லை

ஒவ்வொரு கவரிலும் கிளைகளின் கூட்டுத்தொகை 1 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அங்கேதான் பிழை. மேலே தேட வேண்டாம்.

வந்தால்? அதுதான் சங்கடம். பையில் 3 சிவப்பு, 2 நீல மாபிள்கள். ஒன்றை எடுத்து, திருப்பி வைக்காமல் இன்னொன்றை எடுக்கிறோம். இரண்டாவது கிளைகளின் பகுதி எண் 4 ஆக வேண்டும். வேறு வேறு நிறம் வர 3/5 × 2/4 சக 2/5 × 3/4, ஆக 12/20. திருப்பி வைத்ததாக நினைத்து 5ஐயே எழுதியவருக்கு 12/25 வரும். கவனியுங்கள்: இரண்டிலும் கிளைகளின் கூட்டுத்தொகை 1 தான். படம் தன் பிழையைத் தானே காட்டாது. கேள்வியில் ‘மீண்டும் இடாமல்’, ‘ஒன்றன்பின் ஒன்றாக’, ‘ஒரே தடவையில் இரண்டு’ போன்ற சொற்களின் கீழே கோடு போட்ட பிறகுதான் படம் கீற வேண்டும். நெய்யரியில் செய்பவர்கள் மூலைவிட்டத்திலுள்ள ஐந்து புள்ளிகளையும் வெட்டிவிடுங்கள். எடுத்த மாபிளையே திரும்ப எடுக்க முடியாது. 25இல் 5 போக 20 மிஞ்சும்.

அறிகுறி: ‘குறைந்தது ஒன்று’ என்று கேட்டதும் விடை சிறுத்துப்போகிறது

மூன்று நாணயம், குறைந்தது ஒரு தலை. 3/8 எழுதியிருந்தால் ‘சரியாக ஒரு தலை’க்கு விடை சொல்லியிருக்கிறீர்கள். இது கணிதப் பிழையல்ல, தமிழ்ப் பிழை. ஒன்றும் இல்லாததைக் கழியுங்கள்: 1 சய (−) 1/8, அதாவது 7/8. இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

இனி வட்டம். ஏ.எல். முதலாம் தாளின் பகுதி ஆவில் வழக்கமாக 16ஆம் கேள்வியாக வருவது. 150 மார்க்ஸ், கல்குலேட்டரும் கிடையாது. ஆகவே ஒரு குறி பிழைத்தால் பின்னால் வரும் அத்தனை வரியும் சேர்ந்து சாயும்.

அறிகுறி: மையம் எதிர்ப்பக்கம் போய்விட்டது

எக்ஸ்² + வை² − 6எக்ஸ் + 4வை − 12 = 0. மையம் (−3, 2) என்று எழுதியிருக்கிறீர்கள், படத்தில் பொருந்தவில்லை.

பொது வடிவத்தில் எக்ஸின் குணகம் 2ஜீ, வையின் குணகம் 2எஃப், தனியே நிற்கும் எண் சீ. மையமோ (−ஜீ, −எஃப்). பாதியாக்க வேண்டும், குறியையும் மாற்ற வேண்டும். இரண்டு வேலை. அவசரத்தில் ஒன்றைச் செய்து மற்றதை விட்டுவிடுவோம். குறியை விட்டால் (−3, 2), பாதியாக்கலை விட்டால் (6, −4). சரியானது (3, −2). ஆரையின் வர்க்கம் ஜீ² + எஃப்² − சீ, அதாவது 9 + 4 + 12, ஆக 25, ஆரை 5.

சூத்திரத்தை நம்பாதவர்கள், நான் உட்பட, எக்ஸ் உறுப்புகளையும் வை உறுப்புகளையும் தனித்தனியே வர்க்கமாகப் பூர்த்தி செய்யலாம். (எக்ஸ் − 3)² + (வை + 2)² = 25 என்று வந்துவிட்டால், அடைப்புக்குள் இருப்பதைப் பூச்சியமாக்கும் பெறுமானமே மையம். பாடமாக்க ஒன்றுமில்லை.

பிறகு பத்து விநாடிச் சோதனை ஒன்று. மையத்திலிருந்து வலப்பக்கமாக ஆரையளவு நகர்ந்தால் வட்டத்தில் நிற்க வேண்டும். (3, −2)இலிருந்து 5 போனால் (8, −2). பிரதியிடுங்கள்: 64 + 4 − 48 − 8 − 12 = 0. சரி. பிழையான (−3, 2)இலிருந்து போனால் (2, 2); 4 + 4 − 12 + 8 − 12 = −8. பூச்சியம் வரவில்லை, பிழை பிடிபட்டது. என் வகுப்பில் இந்த வரி இல்லாத விடைக்கு நான் சரி போடுவதில்லை. பரீட்சையில் இதற்குத் தனி மார்க்ஸ் கிடையாது, இருந்தாலும் கடதாசியின் ஓரத்தில் இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் மையம் பொருந்தவில்லையா? சமன்பாட்டின் தொடக்கத்தைப் பாருங்கள். 2எக்ஸ்² + 2வை² − 8எக்ஸ் + 12வை + 18 = 0 என்று கொடுத்திருப்பார்கள். அப்படியே வாசித்தால் மையம் (4, −6), ஆரை √34 என்று ஒரு விகாரமான எண் வரும். முதலில் முழுவதையும் 2ஆல் வகுத்தால் மையம் (2, −3), ஆரை 2. எக்ஸ்², வை² இரண்டின் குணகமும் 1 ஆகாமல் ஜீயையும் எஃப்பையும் தொடவே கூடாது.

அறிகுறி: வர்க்கமூலத்துக்குள் மறை எண்

எக்ஸ்² + வை² − 2எக்ஸ் − 4வை = 20. ஆரையின் வர்க்கம் 1 + 4 − 20 = −15. பேனை நின்றுவிடும்.

பெரும்பாலும் சீ செய்யும் கூத்து இது. 20 சமன்பாட்டின் வலப்பக்கத்தில் இருக்கிறது; இடப்பக்கம் வந்தால் சீ = −20. அப்போது 1 + 4 + 20 = 25, ஆரை 5. வலப்பக்கம் பூச்சியமா என்று பார்ப்பது ஒரு கணப் பார்வை. அதைச் செய்யாமல் பிள்ளைகள் கேள்வியே பிழை என்று எனக்கு வட்ஸ்அப் அனுப்புவார்கள், இரவு பதினொரு மணிக்கு.

குறி எல்லாம் சரியாக இருந்தும் மறை எண் வந்தால் பயப்படாதீர்கள். அதுவே விடையாக இருக்கலாம். எக்ஸ்² + வை² + 2எக்ஸ் + 2வை + 5 = 0 என்பதில் 1 + 1 − 5 = −3. அப்படி ஒரு மெய்யான வட்டம் இல்லை. எக்ஸ்² + வை² − 4எக்ஸ் + 2வை + கே = 0 வட்டமாக இருக்க கேயின் வீச்சைக் காண் என்று கேட்பதும் இதைத்தான்: 4 + 1 − கே > 0, ஆகவே கே 5இலும் சிறிது.

அறிகுறி: தொடலி இரண்டு வரவேண்டும், ஒன்றுதான் வருகிறது

எனக்கு மிகப் பிடித்த பிழை இது. நன்றாகச் செய்யும் பிள்ளைகளைத்தான் பிடிக்கும்.

எக்ஸ்² + வை² = 9 என்ற வட்டத்துக்கு (3, 5)இலிருந்து தொடலிகள், அதாவது வட்டத்தை ஒரு புள்ளியில் மட்டும் தொடும் கோடுகள், வரைய வேண்டும். கோட்டின் படித்திறன் (சாய்வு) எம் என எடுத்து, மையத்திலிருந்து கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரத்தை 3க்குச் சமப்படுத்துகிறோம். வர்க்கித்தால் 25 − 30எம் + 9எம்² = 9 + 9எம்². இரண்டு பக்கமும் 9எம்² வெட்டுப்பட்டு எம் = 8/15 மட்டும் மிஞ்சுகிறது. தொடலி 8எக்ஸ் − 15வை + 51 = 0. இரண்டாவது எங்கே?

முதலில் புள்ளி வட்டத்துக்கு வெளியேதானா என்று பாருங்கள். பிரதியிட்டால் 9 + 25 − 9 = 25, நேர்; வெளியேதான். பூச்சியம் வந்திருந்தால் புள்ளி வட்டத்தின் மேல், ஒரு தொடலி போதும். மறையாக இருந்தால் உள்ளே, தொடலியே கிடையாது.

வெளியே என்றால் இரண்டு கட்டாயம் இருக்க வேண்டும். எம்² வெட்டுப்பட்டுப் போவதுதான் அதன் அடையாளம்: காணாமற்போனது நிலைக்குத்துக் கோடு, அதற்குப் படித்திறன் இல்லை, எம் வலைக்குள் சிக்காது. எக்ஸ் = 3. மையத்திலிருந்து அதன் தூரம் 3 தானே? அதுதான் இரண்டாவது தொடலி. தொடக்கத்திலேயே கவராயத்தை எடுத்து ஒரு சின்னப் படம் கீறியிருந்தால் கண்ணே சொல்லியிருக்கும். “நேரமில்ல சேர்” என்பார்கள். படம் கீற ஒரு நிமிடம்; தொலைந்த தொடலியைத் தேட எட்டு நிமிடம்.

இதே குடும்பத்தில் இன்னொன்று: இரண்டு அச்சுகளையும் தொட்டு (2, 1) வழியே போகும் வட்டம். ஆரை ஆர் என்றால் ஆர்² − 6ஆர் + 5 = 0. 1ஐ எழுதிவிட்டு 5ஐ ‘பெரிது’ என்று தூக்கி எறிந்தவர்களை எண்ணி முடியாது. இரண்டும் வட்டங்களே.

அறிகுறி: பொது நாண் விசித்திரமாக வருகிறது

இரண்டு வட்டங்கள் வெட்டும் புள்ளிகளைச் சேர்ப்பதுதான் பொது நாண்; அதைக் காண இரண்டு வட்டச் சமன்பாடுகளையும் கழித்த பின் எக்ஸ்² மிஞ்சி நின்றால் ஒன்றில் குணகம் 1 ஆக்கப்படவில்லை. வகுத்துவிட்டுத் திரும்பக் கழியுங்கள்.

கோடு அழகாக வந்தும் வட்டத்தோடு அது சேரவில்லையா? வட்டங்கள் வெட்டாமலே இருக்கலாம். எக்ஸ்² + வை² = 1, எக்ஸ்² + வை² − 10எக்ஸ் + 24 = 0. கழித்தால் எக்ஸ் = 2.5 என்று ஒரு கோடு பவ்வியமாக வந்து நிற்கும். ஆனால் மையங்களின் தூரம் 5, ஆரைகள் 1, 1. வட்டங்கள் ஒன்றையொன்று எட்டியும் பார்க்காதபோது நாண் எங்கிருந்து வரும்? கழிப்பதற்கு முன் மையங்களின் தூரத்தை ஆரைகளின் கூட்டுத்தொகையோடும் வித்தியாசத்தோடும் ஒப்பிடுங்கள்.

எப்போது ஆளைப் பார்க்க வேண்டும்

ஒரே அறிகுறி மூன்று கிழமை தொடர்ந்து, மேலே சொன்ன சோதனைகளைச் செய்த பிறகும் வந்தால் அந்தக் கொப்பியைப் பாடசாலை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். புதிய கொப்பியில் திருத்தி எழுதியதை அல்ல, வெட்டுக்கொத்து நிறைந்த பழையதை. அதில்தான் தடயம் இருக்கும். பின்னமும் குறியும் சேர்ந்தே தடுமாறினால் வட்டத்தை ஒரு மாதம் தள்ளி வைத்துவிட்டு, தரம் 8, 9 அட்சரகணிதத்தை யாராவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். தனி வகுப்புக்குக் காசு கொடுப்பதென்றால் அதற்குக் கொடுங்கள். ஏற்கெனவே போகும் பெரிய மண்டப வகுப்போடு இன்னொரு மண்டப வகுப்பையும் சேர்ப்பதில் பயனில்லை. பிள்ளைக்குக் காலி வீதி பஸ்ஸில் நிற்கும் நேரம்தான் கூடும்.

எல்லாவற்றிலும் செலவான காரணத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். தெஹிவளையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் வரும் ஒரு பையன், முறைகளெல்லாம் சுத்தம், விடைகள் எல்லாம் பிழை. பலகையில் சக என்று இருந்தது அவன் கொப்பியில் சய. 8 என்பது 6. கவனக்குறைவு என்று நானே இரண்டு மாதம் ஏசியிருக்கிறேன். ஒரு நாள் பின் வாங்கில் இடமில்லாமல் முன்னால் வந்து இருந்தான். அன்றைக்கு ஐந்துக்கு ஐந்தும் சரி. அடுத்த வகுப்பில் வேண்டுமென்றே பின்னால் அனுப்பினேன், இரண்டு பிழை. அம்மாவை அழைத்து, கண்ணை ஒருமுறை காட்டும்படி சொன்னேன். கிட்டப்பார்வை. அச்சடித்த தாளில் சரியாகச் செய்து, பலகையிலிருந்து எழுதும்போது மட்டும் பிழைக்கிற பிள்ளை என்றால் கணித ஆசிரியருக்கு முன் கண் வைத்தியரைப் பாருங்கள்.

கண்ணாடி போட்ட முதல் நாளும் அவன் மையத்தை (−3, 2) என்றுதான் எழுதினான். அதற்குக் கண் காரணமில்லை. மேலே ‘மையம் எதிர்ப்பக்கம் போய்விட்டது’ என்ற தலைப்புக்குப் போகச் சொன்னேன்.